பனங்கட்டிப் பிரசாதம்

போன ஐப்பசியில், கந்தசஷ்டியின் மூன்றாம் நாள் பின்னேரம், யாழ்ப்பாண நகரத்தில் ஒரு பழைய கல்வீட்டுக்குள் நான் காசு கொடுத்துச் சிறைப்பட்டேன். காசு கொடுத்தவள் என் பேத்தி. சிறைப்பட்டது நாங்கள் மூன்று பேர். அதை இன்றைக்குச் சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறதே, அதற்காகவே நான் கோவிலில் ஒரு தேங்காய் உடைத்தேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் தென்மராட்சிக்காரி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு ஓடிவிட்டது, நானும் அதைத் துரத்திக்கொண்டு போகவில்லை. ஆகவே இந்த எழுத்து என் கை எழுத்து இல்லை. நான் சொல்ல எழுதுகிறவர் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் மகன் இணுவிலில் பெண் எடுத்தான். மருமகளின் தாய் முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். முறைக்கு எனக்குச் சம்பந்தி. ஆனால் நான் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். பாதி மரியாதைக்கு, பாதி சீண்டுவதற்கு. மூன்றாவது ஆள், எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரே சொத்து, எங்கள் பேத்தி. லண்டனில் பிறந்து வளர்ந்தவள். படிப்பை முடித்துவிட்டு, வேலைக்குப் போகுமுன் ஒரு மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போக வந்திருந்தாள். ரீச்சர் வீட்டில்தான் தங்கினாள். அவளைப் பங்கு பிரிக்க முடியாது என்பதால் நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு இணுவிலுக்கு வந்துவிட்டேன்.

வந்து இறங்கிய நாளிலிருந்தே அவள் எங்களுக்குப் பொலிசாகிவிட்டாள். எங்கள் இருவருக்கும் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு நோய். காலையிலும் மாலையிலும் மாத்திரைக் குளிசையை நீட்டிக்கொண்டு, விழுங்கி முடியும்வரை முன்னால் நிற்பாள். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். தேத்தண்ணீருக்குச் சீனி இல்லை. கடித்துக்கொள்ளப் பனங்கட்டியும் இல்லை, அதுதான் பனைவெல்லம். பனங்கட்டி இல்லாத தேத்தண்ணீர், என்னைப் பொறுத்தவரை, சட்டி கழுவின தண்ணீர். அதனால் ஒரு குட்டானைச் சேலை மடிக்குள் செருகிக்கொண்டு திரிந்தேன். பனையோலையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரிப் பெட்டி இழைத்து, அதற்குள் பனங்கட்டி வார்த்து விற்பார்களே, அதுதான் குட்டான். குளியலறைக்குள் ஒரு துண்டு. கிணற்றடியில் ஒரு துண்டு. இந்த வயதில் களவாகத் தின்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது.

ரீச்சர் அப்படி இல்லை. எல்லாம் ஒழுங்கு. வருடா வருடம் கந்தசஷ்டி ஆறு நாளும் பச்சைத் தண்ணீரோடு விரதம் இருக்கிறவர். முந்தின வருடம் விரதத்தில் மயங்கி விழுந்துவிட்டார். மகள் லண்டனிலிருந்து அழுது குளறி, இனி விரதம் இல்லை என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். மீறினால் வீட்டைப் பூட்டித் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றும் சொல்லிவிட்டாள். கோவில் மணி கேட்காத ஊரில் ரீச்சருக்கு நித்திரையே வராது. அதனால் இந்த வருடம் விரதம் இல்லை என்று அவரே எல்லாருக்கும் சொன்னார். நாங்களும் நம்பினோம்.

ஆனால் சஷ்டி தொடங்கிய நாளிலிருந்து அவர் எங்களோடு இருந்து சாப்பிடவில்லை. காலையில் பிட்டை எங்களுக்குப் பரிமாறிவிட்டு, தான் விடியவே சாப்பிட்டதாகச் சொல்வார். மத்தியானமும் இரவும் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக் குசினிக்குப் போய்விடுவார். பேத்தி போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. தெரிந்து, பிழையாக விளங்கிக்கொண்டேன். மூன்றாம் வகுப்புக்காரியோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிட ரீச்சருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். வெளியில் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்துக்கொண்டு, கிடைத்த இடத்தில் எல்லாம் அவரைச் சீண்டினேன்.

மூன்றாம் நாள்தான் பேத்தி அந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னாள். ஓர் அறைக்குள் நம்மை வைத்துப் பூட்டிவிடுவார்களாம். அதற்குள் இருக்கிற புதிர்களை அவிழ்த்துத் திறப்பை, அதுதான் சாவியைக், கண்டுபிடித்து, ஒரு மணித்தியாலத்துக்குள் நாமே வெளியில் வர வேண்டுமாம்.

"காசு குடுத்து ஆரும் தங்களைப் பூட்டச் சொல்லுவினமோ பிள்ளை?" என்றேன். "நாங்கள் சண்டைக் காலத்திலை வருசக்கணக்கா பங்கருக்குள்ளை சும்மா இருந்தனாங்கள். ஒருத்தரும் ஒரு சதம் கேக்கேல்லை."

"அப்பம்மா, இது பகிடி இல்லை. இது சரித்திரம்," என்றாள் அவள்.

சரித்திரம் என்றதும் ரீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் படிப்பித்ததே அதுதான். சரி, ரீச்சர் போகிற இடத்துக்கு நான் போகாமல் இருப்பேனா.

அந்தக் கல்வீட்டை ஒரு இளம் பெண்பிள்ளை நடத்திக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி. எங்கள் கைப்பைகளையும் போன்களையும் வாங்கி ஒரு அலுமாரிக்குள் வைத்தாள். உள்ளே சாப்பாட்டுச் சாமான் கொண்டு போகக்கூடாது என்றும் சொன்னாள். நான் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினேன். மடிக்குள் குட்டான் பத்திரமாக இருந்தது.

பிறகு கதை சொன்னாள். "இது போத்துக்கீசப் பறங்கியர் காலம். சைவம் கும்பிட்டாலும் விரதம் பிடிச்சாலும் தண்டனை. சனம் ஒளிச்சு விரதம் பிடிச்சது. அப்பிடி ஒரு குடும்பம் இப்பதான் விரதச் சாப்பாடு சாப்பிட்டு முடிச்சிருக்கு. பறங்கிப் படை தெருவாலை வந்துகொண்டிருக்கு. நீங்கள் அந்த வீட்டுக்குள்ளை நிக்கிறியள். உங்களைக் காட்டிக் குடுக்கக்கூடிய சாமான் எது எண்டு கண்டுபிடியுங்கோ. அதோடைதான் திறப்பும் இருக்கு."

"பிடிபட்டா என்ன செய்வினம் பிள்ளை? தேத்தண்ணி குடுப்பினமோ?"

அவள் பாவம், சிரித்தாள். ஏதும் ஏலாது என்றால் மூலையில் தொங்குகிற சிவப்புக் கயிற்றை இழுக்கச் சொன்னாள். இழுத்தால் அவளிடம் மணி அடிக்கும். அவள் கமராவில் எங்களைப் பார்த்துக்கொண்டும் மைக்கில் கேட்டுக்கொண்டும் இருப்பாளாம், ஸ்பீக்கரில் கதைப்பாளாம். சொல்லிவிட்டு வெளியில் போய்க் கதவைப் பூட்டினாள்.

உள்ளே பார்த்தால், அந்த அறையை அசல் மண்வீடு மாதிரியே செய்து வைத்திருந்தார்கள். தாழப் பதிந்த தென்னோலைக் கிடுகுக் கூரை, சாணி மெழுகின நிலம், அடுப்பு, பானை, செம்பு, நாலைந்து பாய். விளக்கு மாதிரி ஒரு மங்கல் பல்ப். எங்கேயோ தூரத்தில் குதிரைக் குளம்புச் சத்தம் வேறு போட்டிருந்தார்கள். நேரம் போகப் போக அது கிட்ட வரும். கதவைப் பூட்டினால், சத்தம் கிட்ட வந்தால், எனக்குப் பழைய நாட்கள் ஞாபகம் வந்துவிடும். அதை ஒருவருக்கும் காட்டக்கூடாது என்பதற்காகத்தான் நான் பகிடி விடத் தொடங்குவது. பங்கருக்குள்ளும் அப்படித்தான் செய்தேன்.

முதல் தரம் கயிற்றை இழுத்து, "பிள்ளை, மூண்டு தேத்தண்ணி. ஒண்டுக்குச் சீனி கூட," என்றேன். ஸ்பீக்கருக்குள் அவள் சிரிப்பது கேட்டது. பேத்தி தலையில் கை வைத்தாள்.

ரீச்சர் இதொன்றையும் கவனிக்கவில்லை. ஓலையில் எழுதிவைத்திருந்த வாக்கியங்களை வாசித்து, ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு பூட்டுக்களைத் திறந்துவிட்டார். பேத்தி அவரைக் கட்டிப்பிடித்து, "அம்மம்மா, நீங்கள் உண்மையிலேயே கெட்டிக்காரி," என்றாள். என்னை ஒருத்தரும் கட்டிப்பிடிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, எனக்கு மூச்சு வருதில்லை," என்று கயிற்றை இழுத்துக்கொண்டே நிலத்தில் சரிந்தேன். கண்ணையும் மேலே சொருகிக் காட்டினேன். பேத்தி கத்தினாள். அந்தப் பெண்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு செருப்பும் இல்லாமல் ஓடி வந்தாள். அவள் என் முகத்துக்குக் கிட்டக் குனிந்தபோது நான் ஒரு கண்ணைத் திறந்து, "அந்தத் தேத்தண்ணி என்ன மாதிரி?" என்றேன்.

நான் மட்டும்தான் சிரித்தேன். அவள் எழும்பி நின்றாள். "அம்மா, உப்பிடிச் செய்யாதேங்கோ. எனக்கும் ஒரு அம்மம்மா இருக்கிறா," என்றாள். சொல்லிவிட்டு மறுபடி பூட்டிக்கொண்டு போனாள்.

"வயசுக்கு ஏத்த மாதிரி நடக்கப் பழகுங்கோ சம்பந்தி," என்றார் ரீச்சர்.

"பழக்க ரீச்சர் இருக்கிறியள்தானே."

அவர் திரும்பிக்கொண்டு மூன்றாவது ஓலையை எடுத்தார். அதில் இருந்தது ஒரே ஒரு வரி. "சாப்பிட்டு முடிந்த பின் மிஞ்சுவது எதுவோ, அது காட்டிக் கொடுக்கும்." உரத்து வாசித்தார். பேத்தி பானைகளைக் கிளறினாள், பாய்களைப் புரட்டினாள். ஒன்றும் இல்லை. ரீச்சர் அதே வரியைத் திரும்ப வாசித்தார். கொஞ்ச நேரத்தில் மூன்றாம் தரமும் வாசித்தார்.

"எங்களுக்குக் காது கேக்கும் ரீச்சர். பாடமாக்கச் சொல்லி வாசிக்கிறியளோ?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பார்த்தது என்னையா, எனக்குப் பின்னால் இருந்த சுவரையா என்று தெரியவில்லை. பிறகு சொன்னார். "ஏழாம் வகுப்புப் பிள்ளையள் எல்லாரும் வரிசையிலை நில்லுங்கோ."

பேத்தி சிரித்தாள். அம்மம்மாவும் பகிடி விடத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடப் பழக்கத்தில் அந்த மனிசி ஒரு பகிடி விட்டு நான் கண்டதில்லை.

எழும்பிப் போய் அவர் கையைப் பிடித்தேன். குளிர்ந்துபோய், தண்ணீருக்குள் இருந்து எடுத்த மாதிரி நனைந்திருந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. எனக்கு விளங்கிவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் இதே வருத்தம். குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போய், இதே மாதிரி வேர்த்து, இதே மாதிரி அலம்பிப் பிதற்றிக்கொண்டு வரப்பில் விழுந்து கிடந்திருக்கிறார். எனக்குக் கல்வி தெரியாது, ஆனால் அந்த வேர்வை தெரியும்.

"ரீச்சர், காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

அவர் கையிலிருந்த ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேற்று? முந்தநாள்?"

"விரதம்," என்றார், சின்னப் பிள்ளை களவு பிடிபட்ட மாதிரி. அதோடு முழங்கால் மடிந்து என்மேல் சரிந்தார்.

அவரைத் தாங்கிக்கொண்டு, கயிறு தொங்குகிற மூலையோடு நிலத்தில் இருந்தேன். அவர் தலை என் மடியில். அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. மூன்று நாளாக எங்களோடு சாப்பிடாதது பெருமையால் இல்லை. ஒளித்து விரதம் இருந்திருக்கிறார். அது பிடிபடாமல் இருக்க, பேத்தி நீட்டிய குளிசையையும் ஒவ்வொரு நாளும் விழுங்கிக் காட்டியிருக்கிறார். வெறும் வயிற்றில். சீனி இறங்காமல் என்ன செய்யும்.

"பிள்ளை, கயிற்றை இழு. கெதியா இழு," என்றேன்.

பேத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அப்பம்மா, இப்ப அம்மம்மாவையும் சேர்த்துக்கொண்டீங்களா? ரெண்டு தரம் செய்யக்கூடாது."

நானே எட்டி இழுத்தேன். எங்கேயோ மணி அடித்தது. ஸ்பீக்கரில் அந்தப் பெண்பிள்ளையின் குரல் வந்தது. கோபம் இல்லை, களைப்பு. "அம்மா, நான் ஒருக்கால் ஓடி வந்திட்டன். இனி வரமாட்டன். இன்னும் பத்து நிமிசம் கிடக்கு, தேடுங்கோ." அதோடு டக்கென்று சத்தம் நின்றுவிட்டது. கமராவையும் பார்க்காமல் விட்டுவிட்டாளாம், பிறகு நான் கத்தினது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

அந்தக் கணத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். குதிரைச் சத்தம் கிட்ட வந்துகொண்டிருக்கிறது. கதவு பூட்டிக் கிடக்கிறது. மடியில் ஒரு மனிசி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறார். நான் வாழ்க்கையில் முதல் தரம் உண்மையாகக் கத்துகிறேன், கேட்கிறவர்கள் எல்லாரும் பகிடி என்கிறார்கள். அவர்களில் ஒரு பிழையும் இல்லை. அப்படிப் பழக்கியது நான்.

பேத்தியைக் கையில் பிடித்து இழுத்து, ரீச்சரின் கழுத்தில் அவள் கையை வைத்தேன். "தொட்டுப் பார். நான் பகிடி விடேல்லை, என்ரை பிள்ளை. உன்ரை அம்மம்மா மூண்டு நாளாச் சாப்பிடேல்லை."

அவள் முகம் வெளிறிப்போனது. எழும்பி ஓடிப்போய்க் கதவில் அடிக்கத் தொடங்கினாள். பழைய காலத்துப் பலகைக் கதவு. அதற்கு அப்பால் இன்னொரு அறை, அதற்கும் அப்பால்தான் அந்தப் பெண்பிள்ளை.

நான் மடிக்குள் கையை விட்டுக் குட்டானை எடுத்தேன். ஒரு துண்டைப் பல்லால் கடித்துத் தூளாக்கி விரலில் எடுத்து ரீச்சரின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். நினைவு போய்க்கொண்டிருந்த அந்த நிலையிலும் அவருக்கு மணம் பிடிபட்டுவிட்டது. பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"விரதம்," என்றார் மறுபடியும். குரலே இல்லை, உதடு மட்டும்தான்.

திறக்கவே மாட்டேன் என்கிற அந்த வாயைப் பார்த்தேன். கெஞ்சினால் திறக்காது. அதட்டினால் திறக்காது. ரீச்சரை அதட்ட ஆள் பிறக்கவில்லை. அப்போது என் வாயில் ஒரு பொய் வந்தது. நான் சொன்ன ஆயிரம் பொய்யிலும் நல்ல பொய் அது.

"ரீச்சர், இது பிரசாதம். நல்லூர்க் கோவிலிலை நேற்று நானும் பிள்ளையும் போகேக்கை ஐயர் கையாலை தந்தவர். பிரசாதத்தை வேண்டாமெண்டு சொல்லப்படாது. முருகன் கோவிப்பான்."

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பல் கொஞ்சம் விலகியது. விரலை உள்ளே விட்டுக் கன்னத்துக்குள் பூசினேன். விக்கிவிடக்கூடாது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பூசினேன். இன்னொரு விரல். இன்னொன்று. தோட்டத்து வரப்பில் என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் பூசினேன்.

பேத்தி கதவில் அடித்து அடித்துக் கை சிவந்து, அழுதுகொண்டு திரும்பி வந்தாள். "திறப்பு எங்கை எண்டு தெரியேல்லையே அப்பம்மா. எல்லா இடமும் பாத்திட்டன்."

பூசிக்கொண்டே அந்த அறையைச் சுற்றிப் பார்த்தேன். பாய் இருக்கிறது. செம்பு இருக்கிறது. சோற்றுப் பானை இருக்கிறது. இருந்து சாப்பிட்ட இடம் இருக்கிறது. ஆனால் வாழையிலை இல்லை. சாப்பிட்டு முடிந்த பின் மிஞ்சுவது இலைதானே. விரதம் முடித்துச் சாப்பிட்ட இலையை என் அம்மா ஒரு நாளும் வெளியில் எறிந்ததில்லை. மடித்துக் குசினிக் கூரைக் கிடுகுக்குள் செருகி வைப்பார். ஏன் என்று கேட்டால், எறியக்கூடாது என்பார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது. அவருடைய அம்மாவும் அப்படித்தானாம். அது பறங்கிக்குப் பயந்து ஒளித்த காலத்துப் பழக்கம் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

"பிள்ளை, கூரைக்குள்ளை பார். இலை செருகிக் கிடக்கும். கிடுகுக்குள்ளை கையை விட்டுப் பார்."

அவள் உயரமானவள். கால்விரலில் எக்கி நின்று, கூரையோரம் முழுக்கத் தடவினாள். அடுப்புக்கு மேலே காய்ந்த வாழையிலைச் சுருள் ஒன்று அகப்பட்டது. உதறினாள். இரும்புத் திறப்பு நிலத்தில் விழுந்த அந்தச் சத்தம் மாதிரி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

கதவு திறந்தது. அவள் ஓடினாள். அடுத்த நிமிடம் அந்தப் பெண்பிள்ளை வந்து நின்றாள். இந்தத் தரம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, ரீச்சரின் முகத்தைத்தான் பார்த்தாள். பார்த்த உடனேயே ஓட்டோ பிடிக்க ஓடிவிட்டாள்.

ஓட்டோ வருமுன் ரீச்சரின் கண் திறந்தது. கூரையைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். தாடையெல்லாம் பனங்கட்டி. மெல்லக் கையைத் தூக்கி வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"சம்பந்தி, உங்கடை கை ஒரே பிசுபிசுப்பு. போய்க் கழுவுங்கோ."

அவரிடம் ஏச்சு வாங்கி நான் அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, இனிப் பயமில்லை என்று சொன்னார்கள். வாய்க்குள் எதையாவது பூசியிராவிட்டால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும் என்றும் டொக்டர் சொன்னார். என்ன பூசினது என்று கேட்டார். சொன்னேன். சீனி வருத்தக்காரிக்கு மடிக்குள் பனங்கட்டி எதற்கு என்று அவர் கேட்டபோது, எனக்கு ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்க்க ஆசை வந்தது. பேத்தி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதச் சொல்லப்போவதில்லை.

அவளுக்குக் கோபம் இரண்டு பேரிலும். கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு ரீச்சரைக் கேட்டாள், "ஏன் அம்மம்மா? உங்களுக்கு ஏதும் நடந்திருந்தா? அப்பிடி என்ன விரதம்?"

ரீச்சர் கட்டில் விரிப்பை நேராக இழுத்துவிட்டார். பிறகு சொன்னார். "உன்ரை அம்மாவுக்குக் கலியாணம் முடிச்சு எட்டு வருசமாப் பிள்ளை இல்லை. அப்ப தொடங்கினது. உன்னைக் கேட்டுத்தான் தொடங்கினது. நீ பிறந்தாப் பிறகு, உயிர் இருக்குமட்டும் பிடிக்கிறன் எண்டு முருகனுக்குச் சொல்லிப்போட்டன். உன்ரை அம்மாவுக்குக் குடுத்த வாக்கும் வாக்கு. இதுவும் வாக்கு. நான் என்ன செய்ய?"

காலையும் மாலையும் குளிசையை எண்ணுகிற பிள்ளை, அந்த விரதத்தில் கிடைத்த பிள்ளை என்று அவளுக்கு அதுவரை தெரியாது. எனக்கும் தெரியாது. அவள் கட்டிலில் தலையை வைத்து அழுதாள். ரீச்சர் அவள் தலையைத் தடவினார். நான் பகிடியாக ஏதும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

பிறகு லண்டனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லி, மருமகளிடம் மூன்று பேரும் வரிசையாக ஏச்சு வாங்கினோம். ஆனால் ரீச்சரை அவள் கூட்டிக்கொண்டு போகவில்லை. டொக்டரே ஒரு வழி சொன்னார். இனிச் சஷ்டிக்கு முதல் தன்னிடம் வர வேண்டும், தான் குளிசையை மாற்றித் தருவேன், நேரத்துக்கு நேரம் பாலும் பழமும் எடுக்க வேண்டும், ஒளிக்கக்கூடாது. பாலும் பழமும் விரதத்துக்கு ஆகும் என்று ரீச்சரும் ஒப்புக்கொண்டார்.

ஒரு கிழமை கழித்து நான் முறுக்குச் சுட்டுக்கொண்டு அந்தக் கல்வீட்டுக்குத் தனியாகப் போனேன். அந்தப் பெண்பிள்ளை என்னைக் கண்டதும் அழத் தொடங்கினாள், தான் வந்திருக்க வேண்டும் என்று. "நீ வந்தனீ பிள்ளை. முதல் தரமே செருப்பில்லாமல் ஓடி வந்தனீ. அதைப் பாழாக்கினது நான்," என்றேன். இப்போது அங்கே கயிற்றை இழுத்தால் என்ன ஏது என்று கேட்காமல் கதவைத் திறந்துவிடுவார்களாம். பகிடிக்காரருக்கும் சேர்த்துத்தான்.

ஒன்றை மட்டும் என்னால் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியால் வந்த மறுநாள், அந்தப் பிரசாதப் பொய்யைச் சொல்லி மன்னிப்புக் கேட்கக் குசினிக்குப் போனேன். ரீச்சர் ஸ்டூலில் ஏறி நின்றார். பதறிப்போய்ப் பிடித்தேன். அவர் கையில் என்னுடைய குட்டான், வெறும் ஓலை மட்டும். அதை மடித்துக் கூரை ஓட்டுக்கும் மரத்துக்கும் இடையில் செருகிக்கொண்டிருந்தார்.

"இந்த வருச விரதம் இதிலைதான் முடிஞ்சது. எறியப்படாது," என்றார்.

"ரீச்சர், அது வந்து, நல்லூரிலை..."

"நல்லூரிலை பனங்கட்டி குடுக்கிறேல்லை எண்டு எனக்குத் தெரியாதே? எத்தினை வருசம் போய் வாறன்." இறங்கி நின்று சேலையை உதறினார். "தெரிஞ்சுதான் வாயைத் திறந்தனான். நீங்கள் அழுதுகொண்டு பொய் சொன்னதை நான் அதுக்கு முதல் ஒருநாளும் காணேல்லை."

பிறகு கேட்டேன், மூன்று நாளும் ஏன் எங்களோடு இருந்து சாப்பிடுகிற மாதிரியாவது நடிக்கவில்லை என்று.

"பிள்ளையை ஏமாத்தலாம். உங்களை ஏமாத்தேலாது. கிட்ட இருந்தா ஒரு நிமிசத்திலை பிடிச்சிருப்பியள்," என்றார். படித்தவர் வாயால் நான் வாங்கிய ஒரே சான்றிதழ் அதுதான். அன்று மத்தியானம் இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம்.

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவரும் அவர்தான். நடுவில் நாலைந்து இடத்தில் பேனையை வைத்துவிட்டு முறைத்தார், ஆனால் ஒரு வரியும் வெட்டவில்லை. பகிடியை நான் இன்னும் விடவில்லை, அது இல்லாமல் எனக்கு மூச்சு வராது. உடம்புக்கு வருத்தம் என்று மட்டும் பகிடிக்குச் சொல்வதில்லை. குசினிக்குள் போகும்போதெல்லாம் அந்தக் கூரையை அண்ணாந்து பார்க்கிறேன், பக்கத்தில் இருந்து சாப்பிடாத ஒருவரைப் பெருமைக்காரி என்று முடிவு கட்டுமுன் அவர் எதை எங்கே செருகி வைத்திருக்கிறார் என்று ஒரு தடவை தேடிப் பார்த்திருக்கலாமே என்ற எண்ணம் ஒவ்வொரு தரமும் வருகிறது.